டயர் கிடக்காது, டீச்சர்!
செயற்கைப் பாறைத்திட்டு: ஒன்பதாம் வகுப்புக்கு ஐந்து பாடவேளைகள்

ஆறு ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளியிலிருந்து அறிவியல் கண்காட்சிக்கு ஒரு மாதிரி செய்துகொண்டு போனோம். தலைப்பு ‘கழிவிலிருந்து கடல்வளம்’. கண்ணாடித் தொட்டியில் நீலம் கரைத்த நீர், அடியில் மணல். பழைய சைக்கிள் டயரை வெட்டி, வளையங்களாக நைலான் கயிற்றில் கட்டி, மணலின் மேல் அடுக்கியிருந்தோம். நெகிழித் தாளில் வெட்டிய மீன்கள் இடையிடையே தொங்கின. பழைய டயர்களைக் கடலில் இறக்கினால் மீன்களுக்கு வீடு கிடைக்கும், நிலத்தில் குப்பையும் குறையும் என்று ஒரு மாணவி அழகாக விளக்குவாள். யோசனை என்னுடையது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

ஒத்திகை பார்த்த நாளில், கடைசி வரிசையிலிருந்து ஒருவன் எழுந்தான். மீனவர் வீட்டுப் பிள்ளை. வாரத்தில் இரண்டு நாள் வரமாட்டான், வந்தாலும் பேசமாட்டான்.

“டயரு கெடக்காது டீச்சர். வாடக்காத்துல உருண்டுரும்” என்றான்.

“கயிறு போட்டுக் கட்டியிருக்கோம்ல?”

“கயிறு அறுந்துரும் டீச்சர்.”

“சரி, உட்காருப்பா. வேலை நடக்கும்போது குறை சொல்லாத” என்றேன். அவன் உட்கார்ந்துவிட்டான். மாதிரிக்குப் பாராட்டுச் சான்றிதழ் கிடைத்தது.

மறு ஆண்டு கோடை விடுமுறையில் செயற்கைப் பாறைத்திட்டுகளைப் பற்றிப் படிக்கும்போதுதான் ஆஸ்போர்ன் திட்டின் கதை எனக்குத் தெரியவந்தது. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், ஃபோர்ட் லாடர்டேல் நகரின் கடலோரத்தில், 1972-இல் இதே யோசனையைச் செய்து பார்த்திருக்கிறார்கள். தொட்டியில் அல்ல, உண்மையான கடலில். இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட டயர்கள். அவற்றை நைலான் கயிற்றாலும் இரும்புக் கொக்கிகளாலும் கட்டுக்கட்டாகக் கட்டி இறக்கினார்கள். இரும்பு துருப்பிடித்தது, நைலான் அறுந்தது. புயல்கள் வந்தபோது டயர்கள் கடலடியில் உருண்டு, அருகிலிருந்த இயற்கைப் பவளப்பாறைகளில் மோதி அவற்றைச் சிதைத்தன. டயரின் மேல் உயிர்கள் சரியாக ஒட்டி வளரவும் இல்லை. 2007-இல் இராணுவ முக்குளிப்பாளர்களைக் கொண்டு டயர்களை எடுக்கத் தொடங்கினார்கள். போட்டதுபோல் எடுப்பது எளிதாக இல்லை.

படித்து முடித்ததும் எனக்கு அந்த மாணவனின் முகம்தான் நினைவுக்கு வந்தது. ஒரு பெரிய நாட்டின் வல்லுநர்கள் முப்பது ஆண்டுகள் கழித்துக் கண்டறிந்ததை, அவன் நான்கு சொற்களில் சொல்லியிருந்தான். நான் உட்காரச் சொன்னேன்.

பள்ளி திறந்த முதல் வாரத்தில், பத்தாம் வகுப்புக்குப் போயிருந்த அவனைத் தேடிப் போய், “நீ சொன்னதுதான்ப்பா சரி. நான்தான் கேக்கல” என்றேன். “அத அப்பவே சொன்னேனே டீச்சர்” என்றான். வேறொன்றும் சொல்லவில்லை.

அதன்பின் அமைத்துக்கொண்ட பாடம் இது. ஒவ்வோர் ஆண்டும் ஒன்பதாம் வகுப்பில் ‘பாய்மங்கள்’ பாடத்தை ஒட்டி ஐந்து பாடவேளைகள் நடத்துகிறேன். இயற்பியல், உயிரியல், கணக்கு, சமூக அறிவியல் நான்கும் இதில் கலந்து வருகின்றன. செலவு மிகக் குறைவு. கடற்கரைப் பள்ளிகளுக்கு மட்டுமன்றி உள்மாவட்டப் பள்ளிகளுக்கும் ஏற்றது.

பாடத்தின் முடிவில் மாணவர் செய்ய வேண்டியவை
• ஒரு பொருள் நீரில் எவ்வளவு எடை இழக்கும் என அளந்தும் கணக்கிட்டும் காட்டுவர்.
• கடலடியில் ஒரு பொருளை வைக்குமுன் கேட்க வேண்டிய கேள்விகளைத் தாமே உருவாக்குவர்.
• பொது இடம் ஒன்றைத் திட்டமிடும்போது, அதைப் பயன்படுத்துவோர் எல்லோரையும் கணக்கில் கொள்வர்.

பாடவேளை 1: கடலுக்குள் ஒரு பொதுப் பூங்கா

தோல்வியில் தொடங்க வேண்டாம் என்பது என் அனுபவம். முதலில் நன்றாக அமைந்த ஒன்றைக் காட்டுகிறேன். அது ஃபோர்ட் லாடர்டேலுக்கு வடக்கே, அதே ஃபுளோரிடாக் கடற்கரையில், சுமார் 70 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ரிவியரா பீச் என்ற ஊரில், லேக் வொர்த் காயலின் நடுவே, ப்ளூ ஹெரான் பாலத்தின் அடியில் உள்ள ஃபில் ஃபாஸ்டர் பூங்கா. காயல் என்றால் நம் மாணவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கடலுக்கும் கரைக்கும் இடையில் நீண்டு கிடக்கும் ஆழம் குறைந்த உப்புநீர்ப் பரப்பு. ஒரு முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் உள்ளே வந்து போகிறது.

அது நுழைவுக் கட்டணம் இல்லாத பொதுப் பூங்கா. குளிக்கக் கரை உண்டு, படகு இறக்கச் சாய்தளம் உண்டு, தூண்டில் போட இடம் உண்டு. பாலத்தின் தூண்களில் ஒட்டி வளர்ந்த உயிர்களைக் காண முக்குளிப்பாளர்கள் ஏற்கெனவே வந்துகொண்டிருந்தார்கள். 2012-இல் அந்த மாவட்ட நிர்வாகம் கரையை ஒட்டிய ஆழம் குறைந்த பகுதியில், சுமார் 2 ஏக்கர் பரப்பில், நீருக்கடியில் ஒரு பாதையை அமைத்தது. அறுநூறு டன்னுக்கும் மேற்பட்ட சுண்ணாம்புப் பாறைகளையும், இதற்கெனவே வார்த்த திட்டு அமைப்புகளையும் 6 முதல் 10 அடி ஆழத்தில் இறக்கினார்கள். கண்ணாடி மாட்டி, மூச்சுக்குழாயை வாயில் வைத்து, மேற்பரப்பில் மிதந்தபடியே கீழே பார்த்துக்கொண்டு போகலாம். காற்று உருளை தேவையில்லை, படகு தேவையில்லை. நீந்தத் தெரிந்தால் போதும். இப்படி மூச்சுக்குழாய் வைத்து நீந்துவதை ஸ்நார்கெல் என்பார்கள்.

இதைச் சொல்லிவிட்டுக் கரும்பலகையில் ஒரே ஒரு கேள்வியை எழுதுகிறேன்: ‘இந்த இடத்தை ஏன் தேர்ந்தெடுத்திருப்பார்கள்?’ குழுக்களுக்குப் பத்து நிமிடம். எங்கள் மாணவர்கள் சொன்ன காரணங்கள்: கரைக்குப் பக்கம்; பெரிய அலை இல்லை; ஆழம் குறைவு என்பதால் வெயில் அடிவரை போகும். மூன்றும் சரி. அவர்கள் தவறவிட்டது ஓதத்தை. அந்தப் பாதையில் நீந்த ஏற்ற நேரம் உயர் ஓதத்தை ஒட்டிய நேரம். அப்போது முகத்துவாரம் வழியாகத் தெளிந்த கடல்நீர் உள்ளே வந்திருக்கும். நீரோட்டமும் சற்று நிற்கும். ஓதம் வடியும்போது காயலின் கலங்கல் நீர் வெளியேறும், இழுப்பும் வலுக்கும். ‘உயர் ஓதம், தாழ் ஓதம்’ என்று பாடநூலில் மனப்பாடம் செய்ததற்கு இங்கே ஒரு பயன் வந்துவிடுகிறது.

பெயரைப் பற்றியும் இங்கேயே பேசிவிடுவது நல்லது. செய்தித்தாள்களில் ‘செயற்கைப் பவளப்பாறை’ என்று எழுதுகிறார்கள். இறக்கப்படுவது பவளம் அன்று, கல்லும் கான்கிரீட்டும்தான். பவளம் ஓர் உயிரி. பாலிப் என்னும் சிறிய விலங்குகள் கூட்டமாக வாழ்ந்து, சுண்ணாம்பைச் சுரந்து கட்டுவதே இயற்கைப் பவளப்பாறை. நாம் கல்லை வைக்கிறோம். முதலில் அதன்மேல் நுண்ணுயிர்களும் பாசியும் படர்கின்றன. பிறகு படகின் அடியில் ஒட்டுமே, அந்தக் கொட்டலசு, சிப்பிகள், கடற்பஞ்சு வருகின்றன. சிறு மீன்கள் ஒளிய வர, அவற்றைத் தேடிப் பெரிய மீன்கள் வருகின்றன. பவளம் வந்து அமர்ந்து வளர்வதற்குப் பல ஆண்டுகள் வேண்டும். எனவே ‘பாறைத்திட்டு’ என்கிறேன். எங்கள் ஊரில் கடலடிப் பாறையைப் ‘பார்’ என்பார்கள். வகுப்பில் ‘செயற்கைப் பார்’ என்றதும் பின்வரிசைக் கண்கள் நிமிர்ந்தன.

பாடவேளை 2: நீருக்குள் எடை எவ்வளவு?

தேவையானவை: சுருள்வில் தராசு, நூல், ஒரு வாளி கடல்நீர், ஏறத்தாழ அரைக் கிலோ எடையுள்ள ஒரு கருங்கல் துண்டு, அதே எடையுள்ள பழைய மோட்டார் சைக்கிள் டயர்த் துண்டு. உள்மாவட்டப் பள்ளிகளில் 10 லிட்டர் நீருக்குச் சுமார் 350 கிராம் கல்லுப்புக் கரைத்தால் கடல்நீருக்கு நெருக்கமாக வரும்.

முதலில் ஊகிக்கச் சொல்ல வேண்டும். “ரெண்டும் அரைக் கிலோதான். தண்ணிக்குள்ள எது கனமா இருக்கும்?” பெரும்பாலானோர் ‘இரண்டும் ஒன்றுதான்’ என்பார்கள். பிறகு அளக்கலாம். எங்கள் வகுப்பில் 500 கிராம் கல், நீருக்குள் சுமார் 300 கிராம் காட்டியது. 500 கிராம் டயர்த் துண்டு காட்டியது 50 முதல் 60 கிராம்தான். வகுப்பே சத்தம் போட்டது.

இனி காரணம். ஆர்க்கிமிடிஸ் தத்துவப்படி, மூழ்கிய பொருள் தான் இடம்பெயர்த்த நீரின் எடைக்குச் சமமான எடையை இழக்கிறது. கடல்நீரின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1.025 கிராம். டயர் ரப்பரின் அடர்த்தி சுமார் 1.15, கல்லின் அடர்த்தி சுமார் 2.6. அடர்த்தி நீருக்கு அருகில் உள்ள பொருள், நீருக்குள் ஏறத்தாழ எடையற்றதாகிவிடுகிறது.

500 கிராம் டயர்: பருமன் 500 ÷ 1.15 = 435 க.செ.மீ. இடம்பெயர்த்த நீர் 435 × 1.025 = 446 கிராம். மீதி எடை 54 கிராம்.

500 கிராம் கல்: பருமன் 500 ÷ 2.6 = 192 க.செ.மீ. இடம்பெயர்த்த நீர் 197 கிராம். மீதி எடை 303 கிராம்.

அளந்ததும் கணக்கிட்டதும் ஒத்துப்போகும்போது பிள்ளைகளுக்கு வரும் மகிழ்ச்சியைப் பார்க்க வேண்டும். ஒரு குறிப்பு: டயரின் அடிப்பக்கத்தில் காற்றுக் குமிழ்கள் ஒட்டிக்கொண்டால் அளவு தவறும். நீருக்குள் விரலால் தடவி நீக்கிவிட வேண்டும்.

அடுத்து, அகன்ற தொட்டியில் மணல் பரப்பி, நீர் ஊற்றி, டயர் வளையம் ஒன்றும் கல் ஒன்றும் வைத்து, ஒரு பலகையால் நீரை முன்னும் பின்னும் தள்ளச் சொல்கிறேன். கல் கிடக்கும். வளையம் அசைந்து, நகர்ந்து, ஓரத்துக்குப் போய்விடும். எடை குறைவு ஒரு காரணம். உள்ளீடற்ற வளைய வடிவம் பாய் போல ஓட்டத்தைப் பிடித்துக்கொள்வது இன்னொன்று.

இந்த இடத்தில்தான் ஆஸ்போர்ன் திட்டின் கதையைச் சொல்கிறேன். கூடவே எங்கள் கண்காட்சி மாதிரியின் கதையையும், எழுந்து நின்ற மாணவனை நான் உட்காரச் சொன்னதையும் சொல்கிறேன். முதல் ஆண்டு இதைச் சொல்லத் தயங்கினேன். சொன்னபின் ஒரு மாற்றம் தெரிந்தது. மறுநாள் இரண்டு பேர், “டீச்சர், நீங்க நேத்து சொன்னதுல ஒண்ணு சரியில்ல” என்று எழுந்தார்கள். ஒருவர் சொன்னது தவறு, இன்னொருவர் சொன்னது சரி. இருவரையும் முழுமையாகப் பேச விட்டேன்.

ஆஸ்போர்னில் வேலை செய்தவர்கள் கெட்டவர்கள் அல்லர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். குப்பையைக் குறைக்கவும் மீன் பெருகவும் நல்ல எண்ணத்தோடுதான் செய்தார்கள். அவர்கள் கேட்காமல் விட்டது ஒரு கேள்வி: புயலில் இது என்ன ஆகும்? ‘கழிவிலிருந்து செல்வம்’ என்ற தலைப்பில் நாம் செய்யும் மாதிரிகள் எல்லாவற்றுக்கும் இக்கேள்வி பொருந்தும்.

பாடவேளை 3: அறுநூறு டன் கல் போதுமா?

இது கணக்கு வகுப்பு. கணக்கு ஆசிரியருடன் சேர்ந்து எடுத்தால் இன்னும் சிறப்பு.

2 ஏக்கர் என்பது ஏறத்தாழ 8,100 சதுர மீட்டர். 13 மீட்டருக்கு 10 மீட்டர் உள்ள கபடிக் களத்தைக் கொண்டு அளந்தால் 62 களங்கள். இப்போது 600 டன் கல்லை அதில் சமமாகப் பரப்பினால் எவ்வளவு உயரம் வரும்? ஊகங்கள் ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் என்று வந்தன.

அமெரிக்க டன் என்பது 907 கிலோ. நம் மெட்ரிக் டன் 1,000 கிலோ. அலகை மாற்றாமல் கணக்கிடக் கூடாது என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 600 × 907 = 5,44,200 கிலோ. சுண்ணாம்புப் பாறையின் அடர்த்தியைக் கன மீட்டருக்கு 2,500 கிலோ எனக் கொண்டால் பருமன் சுமார் 218 கன மீட்டர். அதை 8,100 சதுர மீட்டரால் வகுத்தால் 0.027 மீட்டர். மூன்று சென்டிமீட்டர்கூட இல்லை!

“அப்ப ஏமாத்திட்டாங்களா டீச்சர்?” என்றான் ஒருவன். இல்லை. பரப்பினால்தான் போதாது. குவித்தால் போதும். திட்டு என்பது குவியல்களும் இடையிடையே மணல்வெளியும் கொண்டது. மணலில் வாழும் உயிர்களுக்கு மணலும் வேண்டும். பார்ப்பவருக்கு ஒரு குவியலிலிருந்து அடுத்த குவியலுக்குப் போக ஒரு பாதையும் வேண்டும்.

அடுத்து, ஒரு பெரிய கல் நல்லதா, பல சிறிய கற்களா? ஒரு மீட்டர் பக்கமுள்ள கனசதுரத்தின் புறப்பரப்பு 6 சதுர மீட்டர். அதையே அரை மீட்டர் பக்கமுள்ள 8 துண்டுகளாக்கினால் 12. கால் மீட்டர் துண்டுகள் 64 என்றால் 24. துண்டாக்கத் துண்டாக்க ஒட்டி வாழ இடம் பெருகுகிறது, இடுக்குகளும் பெருகுகின்றன. அப்படியானால் கூழாங்கற்களாக உடைத்துவிடலாமா? இரண்டாம் பாடவேளையை நினைவூட்டினால் போதும். “அல தூக்கிட்டுப் போயிரும்” என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். நிலைத்து நிற்பதற்குப் பெரிய கல், வாழ்வதற்கு இடுக்கு. இரண்டுக்கும் நடுவே முடிவெடுப்பதுதான் பொறியாளரின் வேலை.

சாக்பீஸ் பெட்டிகளை அடுக்கி, குண்டுமணி, பட்டாணி, எலுமிச்சை மூன்றையும் ‘மீன்’களாக வைத்து, எந்த அடுக்கில் மூன்றுக்கும் ஒளிய இடம் இருக்கிறது என்று குழுக்களைப் போட்டியிட வைத்தேன். எல்லா ஓட்டையும் ஒரே அளவாக இருந்த அடுக்கு தோற்றது.

பாடவேளை 4: யாருக்காக?

இந்தப் பாடவேளைக்கு ஒரு மீனவரை வகுப்புக்கு அழைக்கிறேன். தலைமையாசிரியரின் அனுமதியும், ஒரு நாற்காலியும், ஒரு தேநீரும் போதும். கடந்த கல்வியாண்டில் வந்தவர், இருபது வயது நிரம்பிய அந்தப் பழைய மாணவன்தான். பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டு, தந்தையின் படகில் போய்க்கொண்டிருக்கிறான். நாற்காலியில் உட்காரமாட்டேன் என்று நின்றுகொண்டே பேசினான்.

ஃபுளோரிடாப் பூங்காவின் படங்களைக் காட்டினேன். பார்த்துவிட்டு, “பாக்குறதுக்கு மட்டுந்தானா டீச்சர்? பிடிக்கக் கூடாதா?” என்றான். அன்றைய வகுப்பு அந்தக் கேள்வியிலேயே நடந்தது.

அங்கே சில விதிகள் உண்டு. மூழ்குவோரும் மூச்சுக்குழாயோடு நீந்துவோரும் இருக்கும் இடத்தைப் படகோட்டிகளுக்குக் காட்டும் கொடியை வைத்திருக்க வேண்டும் என்பது ஃபுளோரிடாச் சட்டம். பொதுக் குளியல் கரைகளை ஒட்டி ஈட்டியால் மீன் குத்தத் தடை உண்டு. 2018-இல் இன்னொரு விதி வந்தது: ப்ளூ ஹெரான் பாலத்தை ஒட்டிய பகுதியில் கண்ணாடித் தொட்டி வளர்ப்புக்கான அலங்கார உயிர்களைப் பிடிக்கத் தடை. அழகான உயிர்கள் கூடும் இடம் என்று பெயர் பெற்றால், பார்ப்பவரோடு எடுத்துப் போகிறவரும் வருவார் அல்லவா? கல்லை இறக்குவதோடு வேலை முடிவதில்லை என்று மாணவர்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள்.

நம் கடலுக்கும் இக்கேள்வி புதிதன்று. தென்னை ஓலையையும் மரக்கிளைகளையும் கல்லோடு கட்டிக் கடலில் இறக்கி மீனைக் கூட்டுவது நம் மீனவர்களின் பழைய வழக்கம். நம் மீன்வளத் துறையும் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும் தமிழ்நாட்டுக் கரையோரம் பல இடங்களில் கான்கிரீட் அமைப்புகளை இறக்கியிருக்கின்றன. முக்கோண வடிவம், கிணற்று உறை வடிவம் என்று பல வகை. அவற்றைச் ‘செயற்கை மீன் உறைவிடம்’ என்கிறார்கள். அவை மீன்பிடிப்புக்காக வைக்கப்படுபவை.

தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வான் தீவில் நோக்கம் வேறு. மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவில் 21 தீவுகள் இருந்தன. இரண்டு நீருக்குள் போய்விட்டன. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறைகளை வெட்டி எடுத்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம். அலையைத் தடுத்த வேலியை வெட்டினோம், அலை தீவை வெட்டியது. வான் தீவும் சுருங்கிக்கொண்டே வந்தது. 2015 முதல் தமிழ்நாடு அரசும் தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து, தீவைச் சுற்றித் துளைகளுள்ள திட்டு அமைப்புகளை ஆயிரக்கணக்கில் இறக்கின. அலையின் வேகம் அவற்றில் குறைகிறது, மணல் தங்குகிறது. கூடவே மீன்களும் பவளமும் குடியேறுகின்றன.

ஒன்று பார்ப்பதற்கு, ஒன்று பிடிப்பதற்கு, ஒன்று தீவைக் காப்பதற்கு. இறக்குவது கல்லும் கான்கிரீட்டும்தான். நோக்கம் மாறும்போது இடமும் வடிவமும் விதியும் மாறுகின்றன. இதைக் கரும்பலகையில் மூன்று கட்டங்களாக எழுதி, வேறுபாடுகளை மாணவர்களையே நிரப்பச் செய்தேன்.

“பார் இருக்குற எடத்துல இழுவ மடி வராது. வந்தா மடி கிழிஞ்சிரும். தூண்டிக்காரனுக்கு அது நல்லது” என்றான் வந்திருந்த எங்கள் மாணவன். அப்போது ஒரு மாணவி கேட்டாள்: “அண்ணே, கல்லு போட்டா மீன் பெருகுதா, இல்ல வேற எடத்துல இருக்குற மீன் இங்க வந்து கூடுதா?”

அவன் சிறிது யோசித்தான். “ரெண்டும் இருக்கும்னு நெனைக்கேன்” என்றான். அதற்குள் ஒரு பையன், “திருவிழாவுக்கு ஆள் கூடுற மாதிரி. ஊருல ஆளு கூடல, ஒரே எடத்துல நிக்குறாங்க” என்றான்.

கடல் அறிவியலாளர்கள் பல காலமாக விவாதித்துவரும் கேள்வி இது. சிதறியிருந்த மீன்களைத் திட்டு ஓரிடத்தில் கூட்டுவது மட்டும் நடந்து, அங்கே அளவின்றிப் பிடித்தால், முன்பைவிட வேகமாக மீன்வளம் குறையும். குஞ்சுகள் ஒளிந்து பிழைக்கவும், உணவு பெருகவும் திட்டு உதவினால் மீன் உண்மையிலேயே பெருகும். எது நடக்கும் என்பது இடத்தையும், வடிவத்தையும், பிடிக்கும் அளவையும் பொறுத்தது. ஒரு விடையில் முடிக்காமல் விவாதமாகவே இதை விட்டுவிடுங்கள்.

பாடவேளை 5: நம் குழுவின் திட்டம்

ஒவ்வொரு குழுவும் கற்பனையான ஒரு கரையோரப் பொதுப் பூங்காவுக்குப் பாறைத்திட்டு வரைய வேண்டும். நான்கு கேள்விகளுக்கு விடை இருக்க வேண்டும்.

1. எங்கே? ஆழம், வெளிச்சம், ஓட்டம், படகு வழி. கடற்புல் இருக்கும் இடத்தில் கல் இடக் கூடாது; புல் செத்தால் அதை மேயும் ஆவுளியாவும் போகும்.
2. எதனால்? புயலில் நிற்குமா? நீரில் கரைந்து கேடு தருமா?
3. எப்படி? குவியல், இடுக்கு, இடைவெளி.
4. யாருக்கு? விதி என்ன? யார் கவனிப்பார்?

நான்குக்கும் தலா 5 மதிப்பெண். அதில் பாதி விடைக்கு, பாதி காரணத்துக்கு.

ஒரு குழு, திட்டைச் சரியாகப் படகு ஏற்றி இறக்கும் இடத்தில் வரைந்திருந்தது. அடுத்த குழு கேட்டபோதுதான் கவனித்தார்கள். இன்னொரு குழுவின் தாளில் கடலுக்குள் ஒன்றும் சிறப்பாக இல்லை. ஆனால் கரையில் கழிப்பறை, பெண்கள் உடை மாற்ற அறை, உயிர்காப்பாளர் மேடை, சக்கர நாற்காலி போகும் சாய்தளம் எல்லாம் வரைந்திருந்தார்கள். ‘பொதுப் பூங்கான்னா எல்லாரும் வரணும்ல டீச்சர்’ என்றார்கள். நான்காம் கேள்விக்கு முழு மதிப்பெண் அவர்களுக்குத்தான். அந்தக் குழுவில் நால்வரும் மாணவியர்.

தொடக்க வகுப்புகளுக்கு

நான்கு, ஐந்தாம் வகுப்புகளில் கணக்கீடுகளை விட்டுவிடலாம். ‘மிதக்கும், மூழ்கும், உருளும்’ என மூன்று வட்டங்கள் வரைந்து, கல், செங்கல், டயர்த் துண்டு, தேங்காய் ஓடு, நெகிழிப் புட்டி ஆகியவற்றைத் தொட்டியில் சோதித்துப் பிரிக்கச் சொல்லலாம். பெட்டி அடுக்கும் விளையாட்டு அவர்களுக்கும் பிடிக்கும். ‘ஒரு சிறு மீன் வீடு தேடுகிறது’ என்று கதை கட்டச் சொன்னால் மொழிப் பாடமும் ஆகும்.

கவனத்தில் கொள்ள

பாடம் சூடுபிடித்ததும், “நாமளே போய் நாலு கல்லு போடுவோம் டீச்சர்” என்று கிளம்புவார்கள். கூடாது. கடலில் எதையும் இறக்க அரசின் உரிய அனுமதி வேண்டும். மன்னார் வளைகுடாத் தீவுகளுக்குள் அனுமதியின்றிச் செல்லவே கூடாது. மாணவர்களை இந்தப் பாடத்துக்காகக் கடலில் இறக்க வேண்டாம். தொட்டியே போதும். பவளத் துண்டு, கடல்குதிரை போன்றவற்றைக் கொண்டுவரச் சொல்லவும் கூடாது. அவை வனஉயிரினச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை.

கடந்த ஆண்டு வகுப்பு முடிந்து அவன் கிளம்பும்போது, ஐந்தாம் பாடவேளைக்கும் வரமுடியுமா என்று கேட்டேன். “காத்தப் பாத்துத்தான் டீச்சர் சொல்லணும்” என்றான். அன்று காற்று நன்றாக இருந்ததால் கடலுக்குப் போய்விட்டான். குழுக்களின் வரைபடங்களை எடுத்துவைத்து, மறுவாரம் வந்தபோது காட்டினேன். ஒவ்வொன்றையும் நேரம் எடுத்துப் பார்த்தான். இரண்டு வரைபடங்களில் ஓட்டத்தின் திசை தவறு என்று பென்சிலால் அம்புக்குறி போட்டுத் திருத்தினான். அந்த இரண்டு தாள்களையும் அவன் திருத்தத்தோடே வகுப்பறைச் சுவரில் ஒட்டியிருக்கிறோம்.